சாவி வாங்கிய பிறகும் ஐந்து வருடம்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த ஆறு புகைப்படங்களும் கிடைத்தன. எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், எந்த மழையில் எந்த அறை ஒழுகியது என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குச் சொல்லிக்கொடுத்த கை என்பது பார்த்தாலே தெரிகிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தோடு மகன் வளைகுடாவிலிருந்து அனுப்பியதையும் சேர்த்து, 46 லட்சம் ரூபாய்க்கு வட்டக்கோட்டைப் பக்கம் கடல் தெரியும் ஃப்ளாட் ஒன்று வாங்கினீர்கள். 2023 ஜூனில் சாவி கைக்கு வந்தது. 2025 ஐப்பசி மழையில் படுக்கையறை சீலிங் ஒழுகியது. பால்கனி சிலாப்பின் அடியில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. பில்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "சாவி வாங்கியாச்சுல்லா டீச்சர், இனி நாங்க என்னத்துக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே பேச்சைக் கேட்டுவிட்டு வாயடைத்துப்போனவர்கள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் பெயரும் கட்டடத்தின் பெயரும் இதில் வராது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சாவி வாங்கினாலும், பத்திரம் பதிந்தாலும், கிரகப்பிரவேசம் முடிந்து பால் காய்ச்சிக் குடித்தாலும் கட்டியவரின் பொறுப்பு தீராது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, தன் 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ, வாக்களித்த வசதிகளிலோ குறை இருப்பதாக நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் ஒரு பைசா கூடுதலாகக் கேட்காமல் சரிசெய்து கொடுக்க வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு தர வேண்டும். உங்கள் கணக்கில் அந்த ஐந்து வருடம் 2028 ஜூன் வரை இருக்கிறது.

உங்கள் ஒப்பந்தத்தில் "பழுதுப் பொறுப்பு 12 மாதம் மட்டும்" என்று ஒரு வரி இருப்பதாகவும், அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக மனம் கலங்க வேண்டாம். சட்டம் ஐந்து வருடம் என்று கொடுத்திருப்பதை ஒப்பந்தத்தின் ஒரு வரி ஒரு வருடமாக்க முடியாது. பில்டருக்கு மட்டும் சாதகமாக எழுதப்பட்ட ஒப்பந்த விதிகள் நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில், பயனியர் அர்பன் நிறுவனத்துக்கும் கோவிந்தன் ராகவனுக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்பளித்தது. 2020 ஆகஸ்டில் பெங்களூர் டிஎல்எஃப் சதர்ன் ஹோம்ஸ் வழக்கில், வீட்டை ஏற்றுக்கொண்டு கிரயப்பத்திரம் பதிந்துவிட்டதாலேயே வாங்கியவர் நஷ்டஈடு கேட்கும் உரிமையை இழப்பதில்லை என்றும் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்களும் சாவி வாங்கியவர்கள்தான்.

இனி உங்கள் நான்காவது புகைப்படத்துக்கு வருகிறேன். பால்கனி சிலாப்பின் அடியில், கம்பி தெரியும் இடத்தில் ஒரு மரஸ்கேலை ஒட்டிவைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். ஓட்டை எவ்வளவு பெரிது என்று காட்டத்தான் வைத்திருப்பீர்கள். அந்த ஸ்கேல் வேறொன்றையும் காட்டுகிறது. சிலாப்பின் அடிப்பரப்புக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 15 மில்லிமீட்டர் காங்கிரீட்தான் இருந்திருக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் இதைக் கவர் என்பார்கள். அதற்காகத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்கிறார்கள். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் காங்கிரீட்டைக் கடுமையான நிலை என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்-30 தரக் காங்கிரீட்டும் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது.

இந்தக் கவர் எதற்கு என்றால், உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு காங்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துருப்பிடித்த இரும்பு பழைய அளவில் நிற்காது, பல மடங்கு உப்பும். உப்புகிற கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். முதலில் முடி போல ஒரு வெடிப்பு, பிறகு பழுப்பு நிறக் கறை, அதற்குப் பிறகு சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவது. கவர் குறையக் குறைய இவையெல்லாம் சீக்கிரம் வரும். கட்டும்போதே உப்பு கலந்த தண்ணீரையோ சரியாகக் கழுவாத மணலையோ சேர்த்திருந்தால் காற்று வரக்கூடக் காத்திருக்க வேண்டாம். கடலே இல்லாத குருகிராமில், சின்டெல்ஸ் பாரடைசோ அடுக்குமாடியில் 2022 பிப்ரவரி 10 அன்று தளங்கள் இடிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஆராய்ந்த டெல்லி ஐஐடி, காங்கிரீட்டில் இருந்த குளோரைடையும் அதனால் கம்பி அரித்ததையும் சுட்டிக்காட்டியது.

உங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரிகிற கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைத்தளபதியாகி அதைத் திருத்திக் கட்டினார். கருங்கல் சுவரில் அலை அடித்துக்கொண்டே இருக்கிறது, சுவர் நிற்கிறது. அதில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. நம் வீடுகள் கம்பியை நம்பி நிற்பவை. ஆகவே உங்கள் சீலிங் ஒழுகுவதை வெறும் பெயிண்ட் வேலையாக நினைக்க வேண்டாம். பில்டரின் ஆள் வந்து புட்டி பூசி வெள்ளையடித்துத் தருகிறேன் என்றாராம். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நாகர்கோவிலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியிலும் இதே கதை நடந்தது. ஒழுகுகிறது என்று நாங்கள் பல முறை போய் வாய்மொழியாகச் சொன்னோம். கட்டியவரும் மரியாதையாகத்தான் பேசினார். "அடுத்த மாசம் ஆள் அனுப்புறேன்" என்றார். அதை நம்பிக் காத்திருந்தோம். என் மகள் கல்யாணம் நெருங்கியபோது, வருகிறவர்கள் முன்னால் வீடு அசிங்கமாக இருக்கக் கூடாது என்று நானே பணம் போட்டுப் பூசி, வெள்ளையடித்துவிட்டேன். அதற்கு முன் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. பிறகு வக்கீலிடம் போனபோது அவர் கேட்டது இரண்டே கேள்விகள்: எழுத்தில் எப்போது தெரிவித்தீர்கள்? பழுது இருந்ததற்கு அத்தாட்சி என்ன? இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. நுகர்வோர் வழக்குக்கான காலமும் அதற்குள் கடந்துபோயிருந்தது. எங்கள் பக்கம் நியாயம் இருந்தும் அதைக் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

இப்போது வழிகளைச் சொல்கிறேன். உங்கள் கட்டடத்தில் 12 வீடுகள், மனை 18 சென்ட். 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்ட்டுக்குச் சற்று மேல், 8 வீடுகள் என்ற இரண்டு வரம்புகளையும் அது தாண்டியிருப்பதால் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு எண், அனுமதி வரைபடம், பில்டர் அரசிடம் உறுதியளித்த வசதிகள் எல்லாம் அங்கே இருக்கும். அவர் உங்களுக்குத் தந்த வண்ணப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, லிஃப்ட் என்று அதில் போட்டுவிட்டுச் செய்யாமல் விட்டதெல்லாம் குறைதான். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் நஷ்டஈடு தர வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவே செய்யவில்லை என்றால் அது தனிக் குற்றம். திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

ரெராவில் இரண்டு வாசல்கள் உண்டு. பழுதைச் சரிசெய்ய உத்தரவிட வேண்டும், தாமதத்துக்கு வட்டி வேண்டும், பணத்தைத் திரும்பத் தர வேண்டும் என்றால் ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். நஷ்டஈட்டுத் தொகையை நிர்ணயிக்கத் தீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் போகும் மனு வேறு. இந்த வேலைப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு, மாதக்கணக்கை இழந்தவர்கள் உண்டு. ஆணையம் இருப்பது சென்னை எழும்பூரில். நீங்களே வாதாடலாம், வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பில்டர் மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், உங்களுக்குத் தர வேண்டிய தொகையை முதலில் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். உத்தரவுப்படி பணம் தராவிட்டால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க 40-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனாலும் உத்தரவு கையில் கிடைத்த பிறகும் பணம் வந்து சேர நாள் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வழி உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வீடு கட்டிக் கொடுப்பது ஒரு சேவை, அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே, லக்னோ வளர்ச்சி ஆணையத்துக்கு எதிராக எம்.கே. குப்தா நடத்திய வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேலே தேசிய ஆணையம். உங்கள் 46 லட்சம் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட ஆணையத்துக்குள் வந்துவிடுகிறது. 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பில்டரின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வீடியோ மூலம் விசாரிக்கக் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆனால் இங்கே காலக்கெடு 2 வருடம்தான். காரணம் எழுந்த நாளிலிருந்து அதை எண்ணுவார்கள். 2025 ஐப்பசியில் முதன்முதலாக ஒழுகியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் 2027 ஐப்பசிக்கு முன்னால் வழக்கு உள்ளே போயிருக்க வேண்டும். ரெராவின் ஐந்து வருடத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு வருடத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே நிவாரணத்துக்காக இரண்டு இடத்திலும் வழக்கு நடத்த முடியாது. ரெரா வந்துவிட்டதால் நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்படவில்லை என்று 2020 நவம்பரில் இம்பீரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தக் கதவு என்பதை வாங்கியவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் யோசனை இது: பால்கனி, மொட்டை மாடி, லிஃப்ட் என்று பன்னிரண்டு பேருக்கும் பொதுவான பழுதைச் சரிசெய்ய வைப்பதுதான் முதன்மையான நோக்கமென்றால் எல்லோருமாக ரெராவுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பணமாகப் பெறுவதுதான் நோக்கமென்றால் நாகர்கோவில் ஆணையம் உங்களுக்கு எளிது. எதுவானாலும் மனுவை எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நாகர்கோவிலிலேயே இருக்கிறது. அதன் இலவசத் தொலைபேசி எண் 15100.

போலீசுக்குப் போகலாமா என்று மகன் கேட்கிறாராம். பொய்யான அனுமதிப் பத்திரம், ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்றது போன்ற மோசடி இருந்தால் போக வேண்டும். ஒழுகும் சீலிங்குக்கு அது வழியல்ல. வங்கித் தவணையை நிறுத்திவிட்டால் பில்டருக்கு வலிக்கும் என்று யாரோ சொன்னதையும் கேட்காதீர்கள். வலிக்கப்போவது உங்களுக்குத்தான்.

மொட்டை மாடியைப் பூட்டி, செல்போன் கோபுரத்துக்கு வாடகைக்கு விடப்போவதாக பில்டர் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ரெரா சட்டத்தின் விளக்கத்தில் மொட்டை மாடியும் திறந்தவெளிக் கார் நிறுத்துமிடமும் பொதுப் பகுதிகள். அவை பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் சேர்ந்த சொத்து. உரிமையாளர் சங்கம் அமைவதற்கு வழி செய்வதும், பொதுப் பகுதிகளை அதன் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதும் பில்டரின் கடமை. இரண்டரை வருடமாகியும் சங்கம் இல்லை, பராமரிப்புக்கு என்று வாங்கிய பணத்துக்குக் கணக்கும் இல்லை என்றால் அவர் அதிலும் தவறியிருக்கிறார். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சங்கத்தை நீங்களே கூடிப் பதிவு செய்யுங்கள். கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட் என்று நாம் சொல்லும் பணி நிறைவுச் சான்றிதழின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். குடியேறத் தகுதியான சான்றைப் பெற்றுத் தராமல் இருப்பது சேவைக் குறைபாடு, அது நாள்தோறும் தொடரும் தவறு என்று 2022 ஜனவரியில் மும்பை சம்ருத்தி சொசைட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடற்கரையில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொச்சி மரடுவில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டிய அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாங்கியவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. இடைக்கால நஷ்டஈடாக 25 லட்சம் தரச் சொன்னாலும், வீடு வீடுதானே? வட்டக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். கடலும் கோட்டையும் தெரிகிறது என்று மயங்கி அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடலோர ஒழுங்குமுறை அனுமதி, தொல்லியல் துறை அனுமதி இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் மாநிலத்தில் மௌலிவாக்கத்தை மறக்க முடியுமா டீச்சர்? 2014 ஜூன் 28 மாலை, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடமும் 2016 நவம்பரில் தகர்க்கப்பட்டது. அந்த வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்கள் போய் நிற்க அப்போது ரெரா இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பழுதுள்ள ஒவ்வொரு இடத்தையும் அதே மரஸ்கேலை வைத்து, அன்றைய செய்தித்தாளும் தெரியும்படி படம் எடுங்கள். பில்டரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். அவற்றைச் சாட்சியமாகக் கொடுக்க சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று ஒன்று சேர்க்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். கட்டட அமைப்புத் தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து, கவர் எவ்வளவு, காங்கிரீட்டின் வலு எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று அளந்து கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் பங்கு போட்டால் செலவு பெரிதாகத் தெரியாது. கம்பி தெரியும் பால்கனியில் பூந்தொட்டி வைக்க வேண்டாம், அடியில் யாரும் நிற்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். சாவி வாங்கிய தேதி, பழுது தெரிந்த தேதி, பழுதுகளின் பட்டியல், 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவுப்படி 30 நாளில் சரிசெய்து தர வேண்டும் என்ற கோரிக்கை, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிய அதே தெளிவோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். "இனி நாங்க என்னத்துக்கு" என்று கேட்டவருக்கு உங்கள் பதில் அந்த ஒரு பக்கம்தான். அடுத்த மழைக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள், டீச்சர்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு ஃப்ளாட் வாங்கியவன்